அசிட்ரோமா, அபிக்சபானா: ஒரு குடும்பத்தில் இரண்டு மாத்திரை டப்பா

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்பு வழக்கமாக எடுக்கிற ஈ.சி.ஜி.யை எடுத்த பெண், தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, நெஞ்சு படபடப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் நின்றபடி வந்தவன் நான். அவர் இன்னொரு முறை எடுத்தார். பிறகு டாக்டர் வந்து மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். கண் ஆபரேஷன் தள்ளிப்போனது. 69 வயதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பெயரை முதல் முறையாகக் கேட்டேன். சுருக்கமாக ஏ.எஃப். என்கிறார்கள்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குவதுதான் இது. மேலறையில் நிமிடத்துக்கு 350-க்கு மேல் மின்துடிப்புகள் தாறுமாறாகக் கிளம்புகின்றன. அவற்றில் எது, எப்போது கீழறைக்குப் போய்ச் சேரும் என்று கணக்கே கிடையாது. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரும் உடுக்கை அடிப்பவரும் மேடையிலேயே பிணங்கிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. பாட்டு நிற்காது, தாளம் போய்விடும்.

அதைவிடப் பெரிய தொந்தரவு இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பையில் இருக்கிறது. மேலறை நடுங்கினால் அந்தப் பையில் ரத்தம் தேங்கும். நம்ம ஊர்க் குளங்களில் மடைப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டமில்லாத மூலையில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் இல்லையா? அந்த மாதிரி மூலை இது. தேங்கிய ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

வீட்டுக்கு வந்ததும் குலசேகரத்தில் இருக்கும் தங்கைக்குத்தான் முதலில் போன் போட்டேன். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அவளுக்கு இதய வால்வு கெட்டுப்போய், 1998-இல் திருவனந்தபுரத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறாள். "சரி, நீ போடுகிற மாத்திரையையே நானும் போட்டுவிடுகிறேன்" என்றேன். "அண்ணே, இது என்ன மீன்கொளம்பா, ஒரே சட்டியில வச்சு ரெண்டு பேரும் திங்கதுக்கு?" என்று சிரித்தாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் டாக்டர்களிடம் கேட்டதையும், படித்ததையும், அவளிடம் கற்றதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மாத்திரையை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

முதலில் பார்த்த கிளினிக்கில் எனக்கு ஆஸ்பிரின் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். "வயசாச்சு, லேசானது போதும்" என்றார் அங்கிருந்தவர். இப்படிச் சொல்வது இன்னமும் நடக்கிறது, அதனால்தான் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாத ஏ.எஃப். நோயாளிகளில் சுமார் 5,600 பேரை வைத்து ஆஸ்பிரினையும், அபிக்சபான் என்ற புது மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. ஆஸ்பிரின் போட்டவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் போன்ற அடைப்பு வந்தது, அபிக்சபான் போட்டவர்களில் 1.6 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. பாதுகாப்பு பாதிகூட இல்லை, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் அப்படியே. ஏ.எஃப்.புக்கு ஆஸ்பிரினை ஒரு வழி என்றே நான் இப்போது எண்ணுவதில்லை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு.

மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? அதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. 65 வயது தாண்டினால் ஒன்று, 75 தாண்டினால் இரண்டு. ரத்த அழுத்தம் ஒன்று, சர்க்கரை ஒன்று, இதயத் தளர்ச்சி ஒன்று, ரத்தக்குழாய் அடைப்பு ஒன்று. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பழைய கணக்கில் பெண்ணாக இருந்தாலும் ஒன்று சேர்ப்பார்கள், 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போடச் சொல்வார்கள். எனக்கு வயது, பிரஷர், சர்க்கரை என்று மூன்று. ஆக, "போடலாமா" என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. "எதைப் போடுவது" என்பதுதான் மீதி.

பழைய மாத்திரைகள் என்றால் வார்ஃபரின், அதன் தம்பியான அசிட்ரோம். பக்கத்து வீட்டுக்காரர், "அது எலி விஷம்லா?" என்று கேட்டார். தப்பில்லை. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. காரணம் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்விலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்றார்கள், 1954-இல் மனிதருக்கும் அனுமதி கிடைத்தது. எழுபது வருஷமாக எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய எலி விஷம்.

தங்கையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. இப்போது ஓடுவது பதினொன்றாவது நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை எத்தனை மில்லிகிராம். ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண். ஏ.எஃப். மட்டும் இருப்பவர் பழைய மாத்திரை போட்டால் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். மைட்ரல் இடத்தில், அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, உலோக வால்வு இருப்பதால் அவளுக்கு 2.5 முதல் 3.5 வரை. கீழே போனால் உறையும், மேலே போனால் கசியும். தொடக்கத்தில் சில நாளுக்கு ஒரு தடவை, நிலைப்பட்டபின் மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் முதல் பஸ்ஸில் மார்த்தாண்டம் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, சாயங்காலம் ரிசல்ட்டை டாக்டருக்கு அனுப்பி, அவர் சொல்லும் அளவைப் போட வேண்டும்.

நோட்டில் ஓரிடத்தில் 1.7 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. என்ன ஆயிற்று என்றேன். "வீட்டு முருங்கை தளைச்சுக் கெடந்துது அண்ணே. ஒரு வாரமா தெனமும் முருங்கயில துவரன்." முருங்கையிலையில் வைட்டமின் கே நிறைய உண்டு, பழைய மாத்திரை வேலை செய்வதே அந்த வைட்டமினைத் தடுத்துத்தான். அதற்காகக் கீரையையே ஒதுக்கச் சொல்வது தவறு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், அவ்வளவுதான். மீனில் வைட்டமின் கே மிகக் குறைவு. சாளை, நெத்திலி, மரச்சீனி, மட்டிப்பழம் எதையும் அவள் விட்டதில்லை. இன்னொரு பக்கத்தில் 5.2. பல் வலிக்குக் கொடுத்த மெட்ரோனிடசோல் செய்த வேலை அது. சில ஆன்டிபயாடிக்குகள் ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும்.

புது மாத்திரைகளுக்கு இந்த நோட்டு வேண்டாம். டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்று மூன்று பெயர் நம்ம ஊர் மருந்துக் கடைகளில் அடிபடுகின்றன. அளவு நிலையானது, கீரைக்குக் கணக்கில்லை, மாதப் பரிசோதனை இல்லை. 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் 18,201 பேரை வைத்து அபிக்சபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்டார்கள். அபிக்சபானில் பக்கவாதம் 21 சதவீதம் குறைவு, பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைவு, மரணம் 11 சதவீதம் குறைவு. மூளைக்குள் ரத்தம் கசிவது மூன்று புது மாத்திரைகளிலுமே வார்ஃபரினைவிடக் குறைவு. என்னை அசைத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

அப்படியானால் தங்கையும் மாறிக்கொள்ளலாமே என்று தோன்றும். அவளுக்கு ஆகாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வால்வில் உறைதலும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. வால்வு மாற்றாமல், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி ஏ.எஃப். வந்தவர்களுக்கும் பழைய மாத்திரைதான் மேல். 2022-இல் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் ருமாட்டிக் இதய நோயாளிகள் சுமார் 4,500 பேரிடம் பார்த்ததில், ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை போட்டவர்கள் குறைவாகவே இறந்தார்கள். மேல்நாட்டுச் செய்தியை மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நம்ம பக்கத்தில் அறுபது தாண்டியவர்களில் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வைப் பார்க்காமல் எந்த மாத்திரை என்று முடிவு செய்யாதீர்கள். தைராய்டு பரிசோதனையும் அதோடு சேரட்டும், தைராய்டு கூடினாலும் ஏ.எஃப். வரும்.

என் எக்கோவில் வால்வு நன்றாக இருந்தது. சிறுநீரகமும் பரவாயில்லை. அபிக்சபான் 5 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

மூன்றில் அது ஏன்? டாபிகாட்ரானில் ஏறத்தாழ 80 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, அபிக்சபானில் சுமார் கால் பங்குதான். சர்க்கரை உள்ளவனுக்குச் சிறுநீரகத்தைப் பற்றி எப்போதும் ஒரு பயம் இருக்கும். டாபிகாட்ரான் சிலருக்கு வயிற்றெரிச்சல் தரும், அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்து மருந்தை மட்டும் எடுத்துப் போடவும் கூடாது. ரிவரோக்சபான் ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டும். ராத்திரி கஞ்சி குடித்துப் படுக்கிறவர்களுக்கு அது சரிவராது, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். அபிக்சபானின் குறை, இரண்டு வேளை என்பது. மாத்திரையின் பலம் அரை நாளில் பாதியாகிவிடும். ஒரு நாள் மறந்தால் ஒரு நாள் காவலில்லை. அசிட்ரோம் ஒரு வேளை தப்பினால் அவ்வளவு சீக்கிரம் பாதுகாப்பு விழாது.

புது மாத்திரையைப் புகழ்பவர்கள் இந்த மறதி விஷயத்தைச் சொல்வதில்லை. மறதி அதிகமுள்ள ஒருவருக்கு, வீட்டில் கூட ஆள் இல்லாவிட்டால், மாதாமாதம் ரத்தம் பார்த்து ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கும் பழைய முறையே நல்லதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டாக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மறப்பவர் அசிட்ரோமையும்தான் மறப்பார், அது இன்னும் ஆபத்து என்றார். நியாயம்தான்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கேள்வியே இல்லை. வாரக்கணக்கில் கரைக்கு வராத படகில் ஐ.என்.ஆர். எங்கே பார்ப்பது? குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்பே கத்தியோடு பால் வெட்டப் போகிறவர்களுக்கு வேறு கவலை. கை கிழிந்தால் ரத்தம் நிற்க நேரமாகும். எந்த மாத்திரையானாலும் அப்படித்தான். காயத்தைத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

விலை? அசிட்ரோம் மலிவு. புது மாத்திரைகளின் காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்கள் பல தயாரிப்பதால் விலை முன்போல இல்லை, ஆனால் ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் பெரிது. மருந்தின் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். லேப் செலவு, பஸ் செலவு, பாதி நாள் கூலி எல்லாம் சேர்த்து நானும் தங்கையும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு மாத்திரைக்கும் நடுவே செலவில் நினைத்த அளவு தூரம் இல்லை.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். பயந்துபோய்ப் பாதி அளவு போடுவது. அபிக்சபான் 2.5 மில்லிகிராம் என்பது, 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோ அல்லது அதற்குக் கீழ் எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு உள்ளவர்களுக்கு. என் அம்மாவின் தம்பிக்கு 82 வயது, 48 கிலோ. அவருக்கு 2.5 சரி. எழுபது கிலோ இருக்கிற எனக்கு அது பாதிக் காவல். கீழே விழுந்துவிடுவார் என்று பயந்து வயதானவர்களுக்கு மருந்தையே நிறுத்துகிற வீடுகளும் உண்டு. பெரும்பாலும் நிறுத்துவதில்தான் நஷ்டம். முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவி, குளிமுறியில் ஒரு கைப்பிடி வையுங்கள்.

சரி, தாளத்தை என்ன செய்வது? இதற்கு இரண்டு வழி. தாளம் தவறினால் தவறட்டும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது ஒன்று. தாளத்தையே திரும்பக் கொண்டுவர முயல்வது மற்றொன்று. 2002-இல் 4,060 பேரை வைத்து வந்த ஆய்வில் இரண்டுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ரொம்ப காலம் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாதிரி ஒன்றைக் கொடுத்து, ஓய்வில் துடிப்பு 110-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று விட்டார்கள். 2020-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அதைக் கொஞ்சம் மாற்றியது. கண்டுபிடித்து ஒரு வருஷத்துக்குள் தாளத்தைத் திருப்ப முயன்றவர்களுக்கு, இதயநோய் மரணம், பக்கவாதம் போன்றவை 21 சதவீதம் குறைவு. ஆகவே புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் "இப்படியே இருக்கட்டும்" என்று வருஷக்கணக்கில் விடாமல், முதல் வருஷத்திலேயே கேட்டுவிட வேண்டும். நான் கேட்டேன். எனக்கு மூச்சுவாங்கல் இல்லை, படபடப்பு இல்லை, இடது மேலறை ஏற்கெனவே நன்றாகப் பெரிதாகிவிட்டது. இது எப்போது தொடங்கியது என்றும் யாருக்கும் தெரியாது. டாக்டர் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழியை எடுத்துக்கொண்டேன். படியேறினால் இளைக்கிறது, வேலை செய்ய முடியவில்லை என்பவர்கள் என்னைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவர்களுக்கு அப்லேஷன் நல்ல வழியாக இருக்கலாம். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, தப்பான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ தடுப்பது அது. சிலருக்கு இரண்டாம் முறையும் வேண்டிவரும். அப்லேஷன் செய்துவிட்டால் ரத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை அந்த மதிப்பெண்தான் தீர்மானிக்கும்.

எங்கே போவது? ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை, மாத்திரை தொடங்குவது, இதற்கெல்லாம் மாவட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அப்லேஷன் வரை போனால் திருவனந்தபுரம்தான் நமக்குப் பக்கம், களியக்காவிளை தாண்டினால் ஆயிற்று. அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இதயத்துக்குப் பேர்போனது. உள்நாட்டிலேயே உருவாக்கிய சித்திரா வால்வை 1990-இல் முதல் முறை ஒரு நோயாளிக்குப் பொருத்தியதும் அங்கேதான். ஆனால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வர்மம் பற்றிச் சொல்லாவிட்டால் நம்ம ஊர்க்காரன் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு முழங்கால் வலிக்கு வர்ம ஆசான் ஒருவரிடம் போகும் வழக்கம் உண்டு. மாத்திரை தொடங்கியபின் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ அமுக்கித் தடவப்பிடாது, எண்ணெய மட்டும் போட்டு விடுகேன்" என்றார். நல்ல மனுஷர். அழுத்தித் திருமினால் உள்ளுக்குள் ரத்தம் கட்டும். ஆடி மாத மருந்துக் கஞ்சியில் என்னென்ன பச்சிலை என்று தெரியாமல் அசிட்ரோம்காரர்கள் குடிப்பதும் எனக்குப் பயம். இவற்றைவிட மோசம், மூட்டு வலிக்குக் கடையில் சும்மா கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை. ரத்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் கசியும். பாராசிட்டமால் பரவாயில்லை.

தோஹாவில் இருக்கும் மகன், துடிப்பைக் காட்டும் வாட்ச் ஒன்று அனுப்பினான். "அப்பா, இதைக் கழற்றவே கூடாது" என்றான். ராத்திரி எழுந்து எழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் எப்போதும் ஏ.எஃப். இருக்கிறதே, அது புதிதாக என்ன சொல்லப்போகிறது? பத்தாம் நாள் கழற்றி மேசை டிராயரில் போட்டேன், தூக்கம் வந்தது. விட்டு விட்டு வருகிற ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த வாட்ச் பயன்படலாம்.

சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பெயர், மாத்திரை, அளவு, போடும் நேரம். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ வீட்டார் 108-ஐக் கூப்பிட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதைப் போடலாமா என்று முடிவெடுக்க, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டர்கள் கேட்பார்கள்.

கண்புரை ஆபரேஷன் இரண்டு மாதம் கழித்து நடந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்யும் முறை என்பதால் மாத்திரையை நிறுத்தவே சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எனக்குக் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அதைத் தங்கையின் ஐ.என்.ஆர். நாளிலேயே வைத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் லேபுக்கு எதிரே ஒரு சாயாக்கடை இருக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் அங்கே ஆப்பம் சாப்பிடுவோம். அவள் நோட்டை எடுத்துத் தேதி எழுதி, எண்ணுக்கு இடம் விட்டு வைப்பாள்.